கூட்லு கேட் ஏற்றம்

எத்திராஜுக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. டீக்கடையில் கிளாஸ் வரத் தாமதமானால் உள்ளே போய்த் தானே எடுத்துக்கொள்வான். சரளாவைப் பெண் பார்க்கக் குடியாத்தம் போனபோது, பெரியவர்கள் ஊர்க்கதை பேசி முடிக்கட்டும் என்று இராமல், "எனக்குப் புடிச்சிருக்கு. அவங்களுக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டான். கதவோரம் நின்றிருந்த சரளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னாளில் அவள் சொல்வாள்.

அவனுக்கு கர்நாடகப் பக்கம், பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கல்யாணமான புதிதில் ஈஜிபுராவில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அங்கிருந்து பட்டறைக்குப் போக பஸ் மாற வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அனுஷா பிறந்து கைக்குழந்தையாக இருந்தபோது ஓசூர் ரோட்டு ஓரம், கார்வேபாவிபாளையாவுக்கு வீடு மாற்றிக்கொண்டு வந்தார்கள். இனி சைக்கிளிலேயே போய்வரலாம் என்பதில் எத்திராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல நான் வூட்டுக்கு வந்து குளிச்சிட்டே உக்காந்திருப்பேன்" என்பான்.

அவன் சொன்னபடிதான் நடந்தது. வேலை விட்டு மற்றவர்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவன் மணியடித்துக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போவான். கூட வேலை பார்த்த மைக்கேல்ராஜும் சைக்கிள்காரன்தான். ஆனால் அவனுக்காகக்கூட எத்திராஜ் நின்றதில்லை.

1998 ஆயுத பூஜைக்குப் பட்டறையில் மெஷினுக்கு அடித்தது போக மீந்த கருப்பு பெயிண்டை ஒரு டப்பாவில் வாங்கி வந்தான். வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்தான். பின்சக்கர மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை இருந்தது. அதன் மேலும் பிரஷ் போனது.

"அந்த வெள்ளைய ஏன் மறைக்கறீங்க? அது எதுக்கோ வெச்சதுதானே?" என்று சரளா கேட்டாள்.

"அது அசிங்கமா இருக்கு சரளா. கருப்புன்னா முழுக்க கருப்பா இருக்கணும். அப்பதான் எடுப்பு."

பெயிண்ட் காய்ந்ததும் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பத்து வயது அனுஷாவை முன்கம்பியில் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. சரளாவும் அதைச் சொன்னாள்.

அந்த சைக்கிளில் டைனமோ உண்டு. சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சுழன்றால் முன்னால் விளக்கும் பின்னால் ஒரு சின்ன சிவப்பு பல்பும் எரியும். ஒட்டினால் மிதிப்பது கனக்கும். மற்ற இடங்களில் எத்திராஜுக்கு அது ஒரு பொருட்டில்லை. கூட்லு கேட் பக்கம் வரும் ஏற்றத்தில் மட்டும் அவன் குதிகாலால் அதைத் தட்டிவிடுவான். ஒருமுறை சரளாவைக் கேரியரில் வைத்துக் கடைக்குப் போய்த் திரும்பும்போதும் அப்படிச் செய்தான். சட்டென்று இருட்டானதும் அவள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, லைட்டு போச்சே!"

"போகலடி. நான்தான் எடுத்தேன். ஏத்தத்துல இது இன்னொரு ஆளை வெச்சி மிதிக்கிற மாதிரி இருக்கு. மேல போய்ப் போட்டுக்கலாம்."

மேலே போனதும் போட்டுக்கொண்டான். அதோடு அவள் அதை மறந்தும் போனாள்.

நவம்பரில் பட்டறைக்கு அவசர ஆர்டர் வந்தது. எல்லோரையும் ஓவர்டைம் நிறுத்தினார்கள். அப்போது ஓசூர் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புதிய விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன, பல்பு இன்னும் வரவில்லை. ரோட்டோரம் ஜல்லி கொட்டிக் கிடந்ததால் சைக்கிள்காரர்கள் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளித்தான் போக வேண்டியிருந்தது. ஒருநாள் ராத்திரி ஓவர்டைம் முடிந்து வரும்போது எத்திராஜ் போட்டிருந்தது பட்டறையில் கொடுத்த கருநீலச் சட்டை, கருநீல பேண்ட். சைக்கிள் கருப்பு. அன்றைக்கென்று அந்தப் பக்கம் கரண்டும் இல்லை.

வீட்டில் சரளா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அனுஷாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மைக்கேல்ராஜ் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணி, பயப்படாதீங்க. அண்ணனை வண்டி இடிச்சிடுச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருக்காங்க. உசுரு இருக்கு."

"பாத்தியா நீ?"

"நான் பின்னாடி வந்தேன் அண்ணி. கூட்டமா இருந்துச்சி. சைக்கிளு மட்டும்தான் கெடந்துச்சி."

எத்திராஜை வண்டி இடித்ததை அவன் பார்க்கவில்லை. யாருமே பார்த்திருக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது. ஏற்றத்தின் நடுவில் 'டம்'மென்று ஒரு சத்தம், டயர் தேயும் சத்தம். அதற்குப் பிறகு ஓடி வந்தவர்கள்தான் எல்லோரும்.

ஆஸ்பத்திரியில் எத்திராஜை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே சுவரில் சாய்ந்து ஒரு பையன் நின்றிருந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். அவனுக்கும் அடி போலிருக்கிறது என்று நினைத்துச் சரளா அவனைத் தாண்டிப் போகப் பார்த்தாள். அவனே அவள் எதிரே வந்து நின்றான். அவன் பெயர் கிரண். கார் ஓட்டி வந்தவன் அவன்தான். இடித்துவிட்டு ஓடவில்லை. தன் காரின் பின்சீட்டில் எத்திராஜைப் படுக்கவைத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்திருந்தான்.

"ஸ்பீடாகி பந்துபிட்டே ஆன்ட்டி" என்று கன்னடத்தில் அழுதான். வேகமாக வந்துவிட்டேன், ஆள் இருப்பது தெரியவே இல்லை, பக்கத்தில் வந்த பிறகுதான் பார்த்தேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அடிக்க ஓங்கிய கையைச் சரளா தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"போட்டுட்டு ஓடிப் போயிருந்தாகூட, எங்கயோ இருக்கிற ஒருத்தனைத் திட்டித் தீத்திருப்பேன்" என்று, அனுஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அப்புறமாக வந்து சேர்ந்த மைக்கேல்ராஜிடம் அவள் சொன்னாள். "இவனை இன்னா பண்றது சொல்லு."

கொஞ்ச நேரத்தில் கிரணுடைய அப்பா வந்தார். டாக்டரிடம் பேசினார், சரளாவைப் பார்த்துக் கைகூப்பினார், பையனைத் தோளில் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர்களை அவள் கோர்ட்டில்தான் பார்த்தாள்.

எத்திராஜ் பிழைத்துக்கொண்டான். கால் ஒன்று குட்டையாகிவிட்டது. தலையில் பட்ட அடிதான் பெரிது. சரளாவைத் தெரிந்தது, அனுஷாவைத் தெரிந்தது. பட்டறை, லேத், ஈஜிபுரா வீடு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்துவிடும். விபத்து நடந்த மாதம் அவன் தலைக்குள் எங்கேயும் இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் என்று என்ன எடுத்தாலும் இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆளே மாறிவிட்டான். கோபம் போய்விட்டது, அவசரம் போய்விட்டது. கட்டிலில் உட்காரவைத்துவிட்டுச் சரளா தண்ணீர் பிடிக்கப் போனால், அவள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பான். எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்க மாட்டான். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு முடியவில்லை. பழைய எத்திராஜ் ஒருதரம் எரிந்து விழமாட்டானா என்று இருக்கும்.

வந்து போகிறவர்கள் எல்லோருக்கும் அவனிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. லைட் எரிந்ததா இல்லையா? போலீஸ்காரர் வந்து, "லைட் போட்டுதானே வந்தே?" என்றார். "ஆமா சார், போட்டுதான் வந்தேன்" என்றான். கார் இன்சூரன்ஸ் தரப்பில் ஒருவர் வந்து, "லைட் இல்லாமதான் வந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, இல்லாமதான்" என்றான். கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பான். அந்த முகம் எதை எதிர்பார்க்கிறதோ அதைச் சொல்வான். பொய் சொல்வது அவன் நோக்கமில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை, அவ்வளவுதான்.

சைக்கிள் போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் கிடந்தது. சரளா ஒருநாள் போய்ப் பார்த்தாள். பின்சக்கரம் எட்டு மாதிரி நெளிந்திருந்தது. டைனமோ இருந்த இடத்தில் அதை மாட்டும் தகடு மட்டும் இருந்தது. இடித்த வேகத்தில் தெறித்துப் போனதா, கிடந்த இடத்தில் யாராவது கழற்றிக்கொண்டார்களா, யாருக்குத் தெரியும்? அது சக்கரத்தில் ஒட்டியிருந்ததா, விலகியிருந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

சரளா பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டுக்காரம்மா சந்திரம்மா பகலில் எத்திராஜைப் பார்த்துக்கொண்டாள். இழப்பீட்டு வழக்கை யூஜின் என்ற வக்கீல் எடுத்துக்கொண்டார். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர், தன்மையானவர்.

"இதுல ரெண்டே விஷயம்மா" என்று அவர் சொன்னார். "அந்தப் பையன் எவ்ளோ ஸ்பீடுல வந்தான், உங்க வீட்டுக்காரர் அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி வந்தாரா. முதல் விஷயத்துக்குச் சாட்சி இல்ல. ரெண்டாவதுக்கு நீங்கதான் சாட்சி. தினமும் லைட் போட்டுக்கிட்டுதான் போவாரு, வருவாரு. அதோட நிறுத்திக்கோங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

சரளா தலையாட்டினாள். டைனமோவைத் தட்டிவிடும் பழக்கத்தை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு எத்திராஜையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார் யூஜின். அவன் நிலைமையை நீதிபதி நேரில் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். சரளா அவனுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, ஆட்டோவில் கூட்டிவந்து பின்பெஞ்சில் மைக்கேல்ராஜ் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

முதலில் கிரணைக் கூண்டில் ஏற்றினார்கள். உடம்பு வைத்திருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். எவ்வளவு வேகத்தில் வந்தாய் என்று கேட்டதற்கு, "நாற்பது" என்றான். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது என்றான், சைக்கிளில் எந்த விளக்கும் இல்லை என்றான். சொன்னதெல்லாம் தரையைப் பார்த்தே சொன்னான்.

பிறகு சரளா. அவளுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆஸ்பத்திரியில் கிரண் தன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"இதை அவர் சொல்லும்போது பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா?"

"இல்லை. நான் மட்டும்தான்."

"போலீஸில் சொன்னீர்களா?"

"அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை."

"சரி. உங்கள் கணவருடைய சைக்கிளில் விளக்கு இருந்ததா?"

"டைனமோ இருந்தது. தினமும் போட்டுக்கொண்டுதான் வருவார்."

"எப்போதும் போட்டிருப்பாரா? வழி முழுக்க?"

"வழி முழுக்க" என்றாள் சரளா.

அப்போது பின்பெஞ்சிலிருந்து எத்திராஜ் எழுந்து நின்றான். டைனமோ என்ற வார்த்தை அவனுக்குள் எங்கேயோ போய்த் தொட்டிருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பு. தெரிந்த பாடத்தை வாத்தியார் கேட்டுவிட்ட மாதிரி, தமிழில் சத்தமாகச் சொன்னான்.

"ஏத்தத்துல போட மாட்டேன் சார்! கனக்கும். காலாலயே தட்டிவுட்டுடுவேன். மேல வந்துதான் போடுவேன். சரளாவுக்கே தெரியும், கேளுங்க!"

மைக்கேல்ராஜ் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். கோர்ட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யூஜின் கையிலிருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி வடகர்நாடகத்துக்காரர், தமிழ் தெரியாது. அவர் சரளாவைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்.

"என்னம்மா சொல்கிறார் உங்கள் கணவர்?"

சரளா திரும்பி எத்திராஜைப் பார்த்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தானாக ஒன்று ஞாபகம் வந்த சந்தோஷத்தில் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற மாதிரி தலையை ஆட்டினான். அவனுக்கும் கன்னடம் புரியும். அவள் வேறு எதையாவது சொன்னால், இல்லை இல்லை என்று அவனே மறுபடி எழுந்து நின்றிருப்பான். ஆனால் அதை நினைத்து அவள் சொல்லவில்லை. தலையில் அடிபட்டவர், ஏதோ உளறுகிறார் என்று அந்த முகத்துக்கு எதிரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஏற்றத்தில் மிதிக்கும்போது கனமாக இருக்கும், அதனால் டைனமோவை எடுத்துவிடுவேன் என்கிறார்" என்று கன்னடத்தில் சொன்னாள்.

"அது உண்மையா?"

"உண்மைதான். அன்றைக்கு எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

இன்சூரன்ஸ் வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது யூஜின் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "விடுங்கம்மா" என்றார். "நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனா தீர்ப்பு எப்படி வரும்னு இப்பவே சொல்லிடலாம்."

எத்திராஜ் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டித்தான் கிரண் படிக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே வந்தவனின் கையை எத்திராஜ் பிடித்துக்கொண்டான். அவன் யார் என்று எத்திராஜுக்குத் தெரியாது. வேர்த்து விறுவிறுத்து நின்ற ஒரு பையன், அவ்வளவுதான்.

"இன்னாப்பா, முகமே வாடிப்போச்சி? சாப்டியா இல்லியா?"

கிரண் கையை உதறவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சரளாவைப் பார்த்தான். நாற்பது என்று சொன்னாயே என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. வழி முழுக்க என்று தான் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. "விடுங்க, அவருக்கு நேரமாவுது" என்று எத்திராஜின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டாள். கிரண் படியிறங்கிப் போனான்.

தீர்ப்பு யூஜின் நினைத்த மாதிரியே வந்தது. காரை வேகமாக ஓட்டியதும் தப்பு, விளக்கில்லாமல் சைக்கிளில் வந்ததும் தப்பு, ஆளுக்குப் பாதி என்று நீதிபதி எழுதியிருந்தார். இழப்பீட்டிலும் பாதி போயிற்று. கிடைத்ததில் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனை அடைத்தது போகக் கொஞ்சம் மிஞ்சியது. மேல்முறையீடு போகலாம் என்றார் யூஜின். சரளா வேண்டாம் என்றுவிட்டாள்.

பாதி என்றால் என்ன என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. தையல் மெஷினில் குனிந்திருக்கும்போதும் அதுவே ஓடும். லைட் எரிந்திருந்தால் அந்தப் பையன் பார்த்திருப்பானா? லாரி வெளிச்சம் கண்ணை அடித்தது என்றானே, அதில் அந்தச் சின்ன சிவப்பு பல்பு தெரிந்திருக்குமா? இவர் கருப்பு பெயிண்டே அடித்திருக்கட்டும், அவன் மெதுவாக வந்திருந்தால் பிரேக் போட்டிருக்க மாட்டானா? அன்றைக்கு வெள்ளையை மறைக்காதீர்கள் என்று கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால்?

ஒருநாள் வேலை விட்டு வரும்போது வீட்டு ஸ்டாப்பில் இறங்காமல் கூட்லு கேட் வரை போய் இறங்கினாள். ஏற்றத்தின் நடுவில், ரோட்டை விட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கம்பங்களில் அப்போது விளக்கு வந்துவிட்டது, ஒன்று விட்டு ஒன்று எரிந்தது. ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் வரிசையாக வந்தன. பத்துக்கு எட்டில் லைட் இல்லை. கார் வெளிச்சம் முதுகில் விழுகிற வரை அங்கே ஆள் இருப்பதே தெரியவில்லை. விழுந்த நொடியில் காரும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கார் எப்படியோ விலகிப் போனது. லைட் போட்டு வந்த ஒருவனையும் எதிர் வெளிச்சம் அப்படியே விழுங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் உயிரோடு மேலே போய்ச் சேர்ந்தார்கள். அவர் மட்டும் ஏன் போய்ச் சேரவில்லை?

மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்த ஒருவனை அவள் கூப்பிட்டாள். "அண்ணா, லைட் இல்லாம போறீங்களே."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எங்க போணும் உங்களுக்கு?" என்று கேட்டான். அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அதற்குப் பிறகு அங்கே போய் நிற்கவில்லை.

வருஷங்கள் ஓடின. பட்டறையை மூடிவிட்டார்கள், மைக்கேல்ராஜ் ஓசூர் பக்கம் போய்விட்டான். ரோடு இன்னும் அகலமானது. எத்திராஜ் பகலெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான், தெருவில் போகிற எல்லோரையும் நலம் விசாரிப்பான். இரண்டு தடவை வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அனுஷா பி.காம். முடித்தாள். 2008இல் வைட்ஃபீல்டில் ஒரு கால்சென்டரில் அவளுக்கு வேலை கிடைத்தது. சாயங்கால ஷிப்ட். வீட்டு வாசலுக்கே வண்டி வரும்.

முதல் நாள் டாடா சுமோ ஒன்று தெருவுக்குள் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. ஓட்டி வந்தவன் யுவன் என்ற பையன். தர்மபுரிக்காரன், சிரித்த முகம். அனுஷா ஏறி உட்கார்ந்ததும் சரளா டிரைவர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, மெதுவா போப்பா. நிதானமா போ. ரோட்டுல சைக்கிள்காரங்க வருவாங்க, கண்ணுக்கே தெரிய மாட்டாங்க."

"சரிக்கா. ஆனா இன்னும் மூணு பிக்அப் இருக்கு. லாகின் டைமுக்குக் கொண்டுபோய் விடலன்னா நாளைக்கு எனக்கு வண்டி கிடையாது. நான் இன்னாக்கா பண்றது, நீங்களே சொல்லுங்க."

"அம்மா, லேட் ஆகுதும்மா" என்றாள் அனுஷா உள்ளேயிருந்து.

சரளா கையை எடுத்தாள். வண்டி தெருமுனையில் நிற்காமலேயே திரும்பி ஓசூர் ரோட்டில் ஏறியது. நாற்காலியில் இருந்தபடியே எத்திராஜ், "பாத்து போயிட்டு வாம்மா" என்று கை ஆட்டிக்கொண்டிருந்தான்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு என்று மகளிடம் சொல்லியிருந்தாள். அது வரும்வரை சரளா சாப்பிட உட்காருவதில்லை. எத்திராஜுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வேலை மும்முரத்தில் அனுஷா சில நாள் அதை மறந்துவிடுவாள்.